கல்முனைக் கரையில் ஒரு தகரப் பெட்டி

முத்திரை சேர்ப்பவனுக்கு மூடிய பெட்டியைப் போல ஆசை காட்டும் பொருள் இவ்வுலகில் வேறொன்றுமில்லை. திறவாதிருக்கும்வரை அதனுள் எதுவும் இருக்கலாம். 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த, இலங்கை முத்திரைகளுக்குள் பேர்போன அந்த இளஞ்சிவப்பு நான்கு பென்ஸ்கூட இருக்கலாம். திறந்தபின் இருப்பதுதான் இருக்கும்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், சாய்ந்தமருதிலிருந்து நண்பரொருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆசிரிய பயிற்சிக் காலத்தில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தவர். இப்போது என்னைப்போலவே ஓய்வூதியக்காரர். "எங்கட காக்காட முத்திரைத் தகரம் ஒண்டு இரிக்கி. இருபது வருஷமா ஆரும் தொறக்கல்ல. மதினி உங்களுக்குச் சொல்லச் சொன்னா. நீங்க வந்து பார்த்துத்தான் என்ன பெறும் எண்டு சொல்லணும்" என்றார். எழுபதை எட்டிய எனக்கு அன்றிரவு ஏழு வயதுப் பையனைப்போல உறக்கம் பிடிக்கவில்லை என்பதை வாசகர்களிடம் ஒளிப்பானேன்?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறத்தாழ 40 கிலோமீற்றர். கல்லடிப் பாலத்தைத் தாண்டிய பஸ் வண்டி தெற்கு நோக்கி ஓடத் தொடங்கினால் இடப்புறம் கடல், வலப்புறம் வாவியும் வயலும். நடுவே நாடாவைப்போல் கிடக்கும் மணல் நிலத்திலேதான் ஊர்கள் எல்லாம் ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு கோயிற் கோபுரம் பின்னே மறையுமுன் ஒரு பள்ளிவாசல் மினாரா முன்னே தெரியும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று நடத்துநர் கூவக் கூவ, மூட்டையும் முடிச்சுமாகச் சனங்கள் இறங்குவதும் ஏறுவதுமாயிருந்தனர். பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. 1961 ஆம் ஆண்டுவரை இதுவும் மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது. என் தந்தையார் கல்முனைக்குக் கடிதம் எழுதினால் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'கி.மா.' என்று எழுதுவார். கிழக்கு மாகாணம் என்பதன் சுருக்கம் அது. பழைய உறைகளில் அந்த இரண்டெழுத்தைக் காணும்போதெல்லாம் அவருடைய கையெழுத்து எனக்கு ஞாபகம் வரும்.

மருதமுனையில் பஸ் சிறிது நேரம் நின்றது. நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஒழுங்கைக்குள்ளிருந்து தறியோசை கேட்டது; கடையொன்றின் முகப்பில் கைத்தறிச் சாறங்கள் காற்றில் ஆடின. அடுத்து, திரௌபதையம்மன் தீமிதிப்புக்குப் பேர்போன பாண்டிருப்பு. அப்பால் கல்முனை நகரம். சந்தையும், வங்கிகளும், தபாற் கந்தோரும், ஒன்றையொன்று முந்தத் துடிக்கும் முச்சக்கர வண்டிகளுமாக அந்தப் பிரதான வீதியில் பட்டப்பகலில் தெருவைக் கடப்பதே ஒரு சாதனை. என் இளமையில் இந்தக் கடைத்தெருவிலே ஒரு புத்தகக் கடை இருந்தது. அதன் கண்ணாடி அலுமாரியில் தொங்கிய முத்திரைப் பொட்டலங்களைப் பார்ப்பதற்காகவே, பாட்டி வீட்டுக்கு வரும் ஒவ்வொரு முறையும் தந்தையாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்தப் பொட்டலங்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கல்முனைக்குடியையும், நாகூர் ஆண்டகை பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறும் கடற்கரைப் பள்ளிவாசலுக்குத் திரும்பும் தெருவையும் கடந்து சாய்ந்தமருதில் இறங்கினேன். ஒரு ஊர் முடிந்து மற்றது தொடங்குவதைப் பெயர்ப்பலகை இல்லாமல் அந்நியனால் கண்டுகொள்ள முடியாது. பெரும்போக அறுவடை முடிந்திருந்தபடியால் தெருவோரமெல்லாம் பாயிலும் படங்கிலும் நெல் காய்ந்தது.

நண்பர் வாசலிலே காத்திருந்தார். உள்ளே போனதும் தேத்தண்ணீர் வந்தது. அதன் பின்னால் வட்டிலப்பம் வந்தது. அதன் பின்னால், "பிட்டும் மீன் ஆணமும் பகலைக்கு" என்ற எச்சரிக்கை வந்தது. இந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களின் விருந்தோம்பலைப்பற்றி எழுதத் தொடங்கினால் முத்திரைக்கு இடம் இராது. ஆகையால் பெட்டிக்கு வருகிறேன்.

பிஸ்கட் வைத்து வரும் சதுரத் தகரம். மூடியிலிருந்த படம் துருவேறி மறைந்துவிட்டது. பழைய சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார்கள். அந்த ரப்பர் இறுகிப் பாகாகித் தகரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. நண்பரின் மதினி அதைச் சீலையில் ஏந்தி வந்து, மேசையில் வைக்காமல், என் முன்னால் பாயில் வைத்தார்.

"அவரு சொல்லுவாரு மாஸ்டர், இது ஒரு காணி பெறும் எண்டு. அதுக்குள்ள ராணிட தலை போட்ட முத்திரை ஒண்டு இரிக்காம். கூரை ஒழுகுது. ஓடு மாத்தணும். அதுதான்..." என்று அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தகரத்தின் கதையை நண்பர்தான் சொன்னார். காக்கா பள்ளிப்பருவத்திலேயே முத்திரை சேர்க்கத் தொடங்கியவர். 1979 ஆம் ஆண்டில் குவைத்துக்கு வேலைக்குப் போனார். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து இந்த ஊர்களின் பொருளாதாரத்தையே மாற்றியது வளைகுடாப் பயணம். வீட்டுக்கு ஒருவர் போனார்கள் என்றால் மிகையில்லை. 1990 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தபோது, கையில் ஒரு பையோடு ஜோர்தான் வழியாக ஊர் வந்து சேர்ந்த பல்லாயிரம் இலங்கையரில் இவரும் ஒருவர். அதன்பின் வெளிநாடு போகவில்லை. கடற்கரைப் பக்கத்து வீட்டில் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்தார். குவைத்திலிருந்து தாம் மனைவிக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் கேட்டு வாங்கி, மூலையிலிருந்த முத்திரைகளை வெட்டியெடுத்து ஊறவைத்துத் தகரத்திற் சேர்த்தார். வீட்டிலிருந்த கடித உறைகள் எல்லாவற்றுக்கும் வலது மேல்மூலை இல்லாமற் போயிற்று என்று மதினி சிரித்தார். (முத்திரைக்காரரிடையே இது ஒரு தீராத வழக்கு. உறையோடு வைத்தால் நாட்குறியும் விலாசமும் மிஞ்சும். வெட்டினால் படம் மட்டுமே மிஞ்சும். நானும் இளமையில் நூற்றுக்கணக்கில் வெட்டியிருக்கிறேன். இன்று நினைத்தால் கை கூசுகிறது.)

பின்னர் 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் பூமி அதிர்ந்து, அதனால் எழுந்த அலை இந்தக் கரையில் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அன்று இத்தனை உயிர்களை இழக்கவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கடலோரத் தெருக்கள் அடியோடு போயின. அந்த வீடும் போயிற்று. அவர்களுடைய இளைய மகளும் போனாள். பதினொரு வயது. ஐந்தாறு நாட்களுக்குப் பின், இரண்டு தெரு மேற்கே, இடிந்த மதிலோரத்தில் யாரோ ஒரு பையன் இந்தத் தகரத்தைக் கண்டெடுத்து, சைக்கிள் டியூப் கட்டைப் பார்த்து, "இது கடைக்கார நானாட" என்று கொண்டுவந்து கொடுத்தானாம். அவர் அதை வெயிலில் வைத்தார். பின்னர் புது வீட்டில் கட்டிலுக்கடியில் தள்ளினார். திறக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் மௌத்தாகும்வரை திறக்கவேயில்லை.

இதைக் கேட்ட பின் பெட்டியில் கைவைக்க எனக்குத் துணிவு வரவில்லை. முதல் நாளிரவு உறக்கம் கெட்டு மனக்கோட்டை கட்டியவன் நான்தானா என்று வெட்கமாயிருந்தது. "நீங்க தொறங்க மாஸ்டர்" என்று மதினியே சொன்னார்.

கத்தியால் ரப்பரை அறுத்து, நண்பர் ஒருபுறம் பிடிக்க நான் மறுபுறம் நெம்ப, மூடி கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. முதலில் வந்தது மணம்: துருவும் பூஞ்சணமும் உப்பும் கலந்த மணம். உள்ளே மேலாகக் கிடந்தது செங்கல்லைப்போல் ஒரு கட்டி. நூற்றுக்கணக்கான முத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாக இறுகியிருந்தன. அதன் ஓரங்களில் பொன்வர்ணமும் பளபளப்பான நீலமும் சிவப்பும் தெரிந்தன. பார்த்தவுடனேயே அவை எவையென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனெனில் நானும் அவற்றைத்தான் வாங்கினேன், அதே கல்முனைக் கடைத்தெருவில்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் அஜ்மான், புஜைரா, உம்முல் கைவைன், ராஸ் அல் கைமா முதலிய பாரசீக வளைகுடாவின் சிற்றரசுகள் முத்திரை வெளியிடத் தொடங்கின. அங்கே கடிதம் எழுதியவர் தொகை மிகச் சொற்பம். ஆனால் முத்திரைகளோ ஆயிரக்கணக்கான வகை. குதிரையும், பிரெஞ்சு ஓவியமும், சந்திரனிலிறங்கிய அமெரிக்கரும், ஒலிம்பிக் ஓட்டக்காரரும் அவற்றிற் காட்சி தந்தனர். இதன் பின்னாலிருந்தவர்கள் மேல்நாட்டு முத்திரை வியாபாரிகள். அமெரிக்கரான பின்பார் கென்னி அவர்களில் முக்கியமானவர். சேர்ப்போருக்கு விற்பதற்கென்றே அச்சடித்து, தபாலகத்தையே காணாமல், அச்சகத்திலேயே கறுப்புக் குறியும் போட்டுப் பொட்டலமாக்கி உலகமெங்கும் அனுப்பினார்கள். 1971 இல் ஐக்கிய அரபு இராச்சியம் உருவானதும் இந்த வியாபாரம் ஒழிந்தது. சேர்ப்போர் அவற்றை இன்று 'மணல்மேடுகள்' என்று ஏளனமாக அழைக்கின்றனர். பெரும்பாலானவை காகித விலைகூடப் பெறா. ஆனால் பதினாலு வயதில், ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் கையகலப் புஜைராக் குதிரை துள்ளி விழுந்த அந்தக் கணத்தை எந்த விலைநூலில் தேடுவது? ஷார்ஜா என்றும் அஜ்மான் என்றும் பெயர்களை நாங்கள் உச்சரிக்கப் பழகியது அந்தக் காகிதங்களில்தான். பத்தாண்டுகள் கழிய, எங்களோடு படித்தவர்கள் அந்த மணலிலேயே போய் இறங்கி, உண்மையான முத்திரை ஒட்டி, உண்மையான கடிதம் எழுதினார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான் உண்டு. அங்கே பேஸ்போல் ஆட்டக்காரரின் படச் சீட்டுகளைப் பொட்டலத்தில் இட்டு விற்கிறார்கள். உள்ளே யார் படம் இருக்கிறதென்று பிரிக்கும்வரை தெரியாது. டொப்ஸ் என்ற கம்பனி 1952 இல் வெளியிட்ட சீட்டுகளில் விற்காமல் எஞ்சியவற்றை 1960 இல் படகிலேற்றி நியூயோர்க்குக்கு அப்பால் கடலிற் கொட்டியதாக, அவற்றை உருவாக்கிய சை பெர்கர் என்பவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே தொகுதியைச் சேர்ந்த மிக்கி மான்டிலின் சீட்டொன்று 2022 இல் 126 இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று. எண்பதுகளின் கடைசியில் கணக்கில்லாமல் அச்சடித்த சீட்டுகளோ இன்று பெட்டி பெட்டியாகக் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. கடல் கொண்டதனால் மிஞ்சியதற்கு விலை ஏறுகிறது என்பது சேர்ப்போரின் கணக்கு. பல வருடங்களாக இந்தக் கதையை மாணவர்களுக்குச் சிரித்துக்கொண்டே சொல்லி வந்திருக்கிறேன். சாய்ந்தமருதில், அந்தப் பாயில் உட்கார்ந்தபடி அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் அள்ளி, சிறிது சூடாக்கி, இரண்டு பேசின்களில் வார்த்தோம். ஒட்டியதைப் பிரிக்க நீரைவிடச் சிறந்த கருவி இல்லை. சாமணத்தால் இழுத்தால் கிழியும். கட்டியை ஒரு பேசினில் மூழ்கவைத்துவிட்டு அடியில் கிடந்தவற்றைப் பார்த்தேன். அங்கேதான் ஓர் அதிசயம். குவைத், சவூதி, கட்டார், இந்தியா, இலங்கை என்று உண்மையாகவே கடிதத்தோடு பிரயாணம் செய்து வந்த முத்திரைகள் ஏறக்குறைய எல்லாமே தனித்தனியாகக் கிடந்தன. காரணம் எளிது. அவை ஏற்கெனவே ஒருமுறை நீரில் ஊறிப் பசை போனவை. ஆகவே கடல்நீர் புகுந்தபோது ஒட்டிக்கொள்ள அவற்றில் எதுவும் இருக்கவில்லை. பொட்டலத்தில் வந்தவையோ முதுகில் பசையோடு இருந்தவை. அவைதான் பாளமாகிப்போயின. அவற்றோடு, அவர் தபாற் கந்தோரில் புதிதாக வாங்கி வைத்த சிலவும் அகப்பட்டுக்கொண்டன. 1977 இல் வெளிவந்த அறிஞர் சித்திலெப்பை முத்திரையும், அடுத்த ஊரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் முத்திரையும் முகத்தோடு முகம் ஒட்டியிருந்தன. அரை மணிநேரம் ஊறிய பிறகே இருவரும் பிரிந்தார்கள்.

இன்னொன்று. ஐம்பதுகளில் வெளிவந்த இரண்டு ரூபாய் முத்திரை, கல்லோயா அணைக்கட்டின் படம் போட்டது, பழுப்பேறியும் முழுதாய்க் கிடைத்தது. நண்பர் அதை உள்ளங்கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். இங்கினியாகலையிலே பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய அந்த அணையின் நீர்தான் அவருடைய வயலுக்குப் பாய்கிறது. "எங்கட வாய்க்கால்" என்றார். அதை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று மதினி சொல்லிவிட்டார்.

ராணி தலையும் இருந்தது. விக்டோரியா மகாராணியின் இரண்டு சதம். 1872 இல் பென்ஸ் போய்ச் சதம் வந்தபின் இலட்சக்கணக்கில் புழங்கிய இனம். ஒரு மூலை கிழிந்தும் இருந்தது.

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். என் பணத்திலேயே ஒரு தொகையைக் கொடுத்து, முத்திரை விலை என்று சொல்லிவிடலாமா? நண்பரும் அதைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றவனுக்குக் கணக்கில் பொய் வரவில்லை. "எல்லாம் சேர்த்து விற்றாலும் கூரைக்கு நாலு ஓடுதான் வரும்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அவருக்கும் தெரிஞ்சிருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தகரத்தின் அடியில் கடைசியாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. எண்பது பக்க அப்பியாசக் கொப்பி. நண்பர் தகரத்தைக் கவிழ்த்துப் பிடிக்க, நான் வெந்நீரை ஓரமாகச் சொட்டவிட்டு அதை மெல்லக் கழற்றினேன். முத்திரைக்காரர் எல்லோரும் வைத்திருக்கும் பதிவுக் கொப்பிதான். நாடு, ஆண்டு, படம், கிடைத்த விதம் என்று கோடு போட்டிருந்தது. முன்பாதிப் பக்கங்களில் ஓர் எழுத்தும் இல்லை. பேனா மையில் எழுதியதை உப்புநீர் கரைத்து, பக்கம் பக்கமாக நீல மேகமாக்கிவிட்டிருந்தது. பின்பாதியைப் புரட்டியதும் எழுத்துத் தெளிவாக நின்றது. பென்சில் எழுத்து. பென்சிற் கரி நீரில் கரையாது; தாள் இருக்கும்வரை அதுவும் இருக்கும். உருட்டி உருட்டி எழுதிய பிள்ளைக் கையெழுத்து.

'குவைத். கப்பல். வாப்பா உம்மாவுக்கு எழுதின கடிதம்.' 'சவூதி. பள்ளிவாசல். மாமா.' 'இந்தியா. மயில். நாகூரில இருந்து வந்தது.' 'புஜைரா. குதிரை. வாப்பா கடையில வாங்கினது. தபாலில வரல்ல.' அந்தக் கடைசிக் குறிப்பைப் புஜைராவுக்கும் அஜ்மானுக்கும் நேரே ஒவ்வொன்றாக எழுதியிருந்தாள். 'தபாலில வரல்ல', 'தபாலில வரல்ல' என்று இரண்டு பக்கம். எனக்கு ஐம்பது வருடத்தில் புத்தியில் ஏறியதைப் பதினொரு வயதில் அந்தப் பிள்ளை தனியே கண்டுபிடித்துக் கோடு போட்டுப் பிரித்து வைத்திருந்தாள். எழுத்து 211 ஆம் இலக்கத்தோடு முடிந்தது. அதன்கீழ் 212 என்று இலக்கம் மட்டும் இருந்தது.

கொப்பியை மதினியின் கையில் கொடுத்தேன். "இது பென்சிலா மாஸ்டர்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "இனி வெயில்ல வச்சா அழியாதா?" அழியாது என்றேன்.

பகற் சாப்பாடு முடிந்து நான் புறப்படும்போது, பழைய பத்திரிகைத் தாள்களில் பரப்பிய முத்திரைகள் திண்ணையெல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. குதிரைகளையும் சந்திரப் பயணிகளையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி ஓர் உறையிலிட்டு என் பையில் திணித்தார் மதினி. குவைத் முத்திரைகளைத் தரவில்லை; நானும் கேட்கவில்லை. முற்றத்துக் கல்லில், வெயில் விழும் இடமாகப் பார்த்து, கொப்பியை விரித்து வைத்தார். கடற்காற்று தாளைப் புரட்டிற்று. உள்ளே போய்ப் பாக்குவெட்டியை எடுத்துவந்து அதன்மேல் பாரமாக வைத்துவிட்டு, காகம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.